தகப்பனார் பெயர் எழுதும் இடத்தில்

நேற்று தர்மபுரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கார்பைடு நாற்றம் அடித்தது. அழுகிய பூண்டும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மாதிரி இருக்குமே, அதே நாற்றம். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ ஒரு ஷெட்டுக்காரன் வெல்டிங் கேஸுக்குப் போட்டுத் தீர்ந்துபோன கார்பைடு சேற்றைச் சாக்கடை ஓரம் கொட்டியிருந்தான். வெள்ளையாகக் கிடந்த அந்தச் சேற்றைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். ஊருக்கு அது நாற்றம். எனக்கு உன் சட்டை வாசம்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. எழுதினாலும் உன்னால் படிக்க முடியாது, யாராவது படித்துக் காட்ட வேண்டும். இப்போது அதற்கும் வழியில்லை. ஆனாலும் நேற்று உன் வீட்டுக்குப் போய்வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது தர்மபுரி பஸ் ஷெட்டில்தான். உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் இருக்கும். நான் பாலக்கோட்டில் எட்டாவது வரை படித்துவிட்டு, மேலே படிக்க வைக்க ஆளில்லாமல் டிக்கெட் எழுத வந்தவன். நீ அதியமான்கோட்டையிலிருந்து தினமும் நடந்தே வருவாய். டயர் கழற்றுவது, ஸ்பிரிங் பட்டை மாற்றுவது, இரும்பை அடித்து வளைப்பது என்று கைக்கு வந்ததையெல்லாம் செய்வாய். உன் அப்பா கிணறு வெட்டப் போனவர், மண் சரிந்து உள்ளேயே புதைந்துவிட்டார் என்று ஒருநாள் சொன்னாய். உனக்கு அப்போது ஏழு வயசு. இரண்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. "எங்கப்பன் மொகம் எனக்கு மறந்துபோச்சு மாப்ள. பேரு மட்டுந்தான் பாக்கி" என்றாய். நான் அதைச் சும்மா கேட்டுக்கொண்டேன்.

ஒரு பஸ்ஸின் அடிச்சட்டம், அந்த சேஸிஸ், விரிசல் விட்டபோது சேலத்திலிருந்து கேஸ் வெல்டிங் ஆள் ஒருவர் வந்தார். எல்லாரையும் திரும்பி நிற்கச் சொன்னார். நீ மட்டும் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அத்தனை நேரமும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கண் சிவந்து நீர் வடிய உட்கார்ந்திருந்தாய். திட்டுவதற்காக உன்னிடம் வந்தேன். "இரும்பத் தண்ணியாக்கி மறுபடி இரும்பாக்கறான் மாப்ள. ரெண்டு துண்டு ஒண்ணாயிடுது. எது எந்தத் துண்டுன்னு அவனுக்கே தெரியாது" என்றாய். கண்ணைத் திறக்க முடியாமல் சிரித்தாய்.

சண்டை வந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று, தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். இரும்பு வேலை தெரிந்த ஆளுக்கு சர்க்கார் செலவில் பயிற்சி என்று தாலுகா ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முடிவில் பரீட்சை வைத்து சர்ட்டிபிகேட் கொடுப்பார்களாம். அதை நான்தான் படித்து உனக்குச் சொன்னேன். நீ இரண்டு தடவை கேட்டாய். "சர்ட்டிபிகேட்டுன்னா, நான் வெல்டருன்னு சர்க்காரே சொல்றதா?" ஆமாம் என்றேன். "அப்ப எவனும் என்னைய 'டேய், அந்தக் கம்பியப் புடி'ன்னு சொல்ல முடியாது" என்றாய்.

நானும் கூட வருவதாகச் சொன்னேன். மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் விண்ணப்ப பாரம் கொடுக்க வேண்டும். ஐந்தாவது தேறியவனாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. உன் முகம் சுருங்கியது. "அஞ்சாவதுன்னே போடறேன், யாரு வந்து பாக்கப்போறாங்க" என்றவன் நான்தான். நீ கேட்கவில்லை. இதை நான் இங்கே தெளிவாக எழுதிவிட வேண்டும். பொய் என் யோசனை. பஸ்ஸின் பானட்டின் மேல் இரண்டு பாரத்தையும் விரித்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இங்கிலீஷில் நிரப்பினேன். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பானட் சூட்டில் கை சுட்டது. கடைசியில் "என் கைப்பட நானே நிரப்பியது" என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே நீ கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக உன் பெயரைத் தமிழில் வரைந்தாய்.

பயிற்சிக்குப் போன பெங்களூரில் நமக்கு நல்ல காலம் என்றால் அந்த மாதங்கள்தான். உன் தெருவில் பாதி வீடு கன்னடம் பேசும் வீடு என்பதால் உனக்குக் கன்னடம் தண்ணீராக ஓடியது. கடையில் நீ எனக்காகப் பேசுவாய். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதை நான் உனக்குப் படித்துச் சொல்வேன். நெருப்பு பீச்சும் வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்துவிட்டால் யார் சொல்வதும் உனக்குத் தேவைப்படவில்லை. நான் வைத்த வெல்டு கம்பளிப்பூச்சி ஊர்ந்து போன மாதிரி இருக்கும். உன்னுடையது சீராக அலை அலையாக இருக்கும். வாத்தியார் மற்றவர்களைக் கூப்பிட்டு உன் இரும்புப் பிளேட்டைக் காட்டுவார். என் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திக்கொண்டே, "நெருப்பப் பாக்காத. இரும்பு எளகறதப் பாரு. அது எளகினாத்தான் நீ நகரணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எனக்கு நெருப்புதான் தெரிந்தது. கடைசி வரை அப்படித்தான்.

பரீட்சை நாளில் நாம் வைத்த வெல்டை அரத்தால் தேய்த்து, வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியால் அடித்து வளைத்தார்கள். வளைத்த இடத்தில் விரிசல் கண்டால் தோல்வி. என்னுடையது பாதி வளையும்போதே பிளந்தது. இன்னொரு பிளேட்டுக்கு அவகாசம் கொடுத்தார்கள். அதில் தட்டுத்தடுமாறித் தேறினேன். உன்னுடையதை இரண்டு முனையும் ஒட்டுகிற அளவுக்கு மடித்துப் பார்த்தார்கள். தலைமுடி அளவு கீறல்கூட இல்லை. பரீட்சை வைத்தவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சர்ட்டிபிகேட் கொடுத்த அன்று நீ அதைத் தரையில் விரித்து, "எம் பேரு எங்க இருக்குது, காட்டு" என்றாய். உன் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். நீ அந்த இடத்தை உன் விரலால் தொட்டுப் பார்த்தாய். அடுத்த வரியை நான் படிக்கவில்லை. படித்திருந்தால் அன்றைக்கே, அந்தக் கூடத்திலேயே, ஐந்து நிமிஷத்தில் திருத்தியிருக்கலாம். என் மூளை முழுக்க என் காகிதத்தில்தான் இருந்தது. இரண்டாவது பிளேட்டில் தேறியதை அதில் எங்காவது எழுதிவிட்டார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். எழுதவில்லை. உன் காகிதமும் என் காகிதமும் ஒரே மாதிரிதான் இருந்தன. நீ தகரத்தில் ஒரு குழாய் செய்து, மூடி போட்டு, அதற்குள் உன்னுடையதைச் சுருட்டி வைத்தாய்.

அப்புறம் பட்டாளத்துக்கு வேலை செய்கிற தொழிற்சாலை. சண்டை முடியும்வரை இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் வேலை பார்த்தோம். அங்கே நடந்த ஒன்றை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒழுகுகிற பெட்ரோல் டிரம் ஒன்றைக் கொண்டுவந்து, உடனே ஓட்டையை வெல்டு வைத்து அடைக்கச் சொன்னான் ஒரு வெள்ளைக்கார சார்ஜண்ட். நீ டார்ச்சைக் கீழே வைத்துவிட்டாய். தண்ணீர் நிரப்பாமல் நெருப்பைக் கிட்டே கொண்டுபோக மாட்டேன், காலி டிரம்தான் ஆளைக் கொல்லும், உள்ளே நிற்கிற ஆவி போதும் என்றாய். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அவன் முகம் சிவந்தது. "இவன் யார்?" என்று கேட்டான். மேஸ்திரி, "சர்ட்டிபிகேட் வாங்கிய வெல்டர் சார்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போனான். சற்று நேரத்தில் இரண்டு பேர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து டிரம்மை நிரப்பினார்கள். அன்று முழுக்க நீ நிமிர்ந்தே நடந்தாய்.

சண்டை முடிந்ததும் நூற்றுக்கணக்கான பேரோடு நம்மையும் அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் பெயர் பதிய சேலத்து ஆபீஸுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். வரிசையில் நான் முன்னால், நீ எனக்குப் பின்னால். குமாஸ்தா என் காகிதத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், முத்திரை குத்தினார். அடுத்து நீ தகரக் குழாயைத் திறந்து உன்னுடையதை நீட்டினாய்.

"தகப்பனார் பேரு?"

"முனியப்பனுங்க."

"இதுல பெரியண்ணன்னு இருக்குதே."

பெரியண்ணன் என் அப்பா. அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே மூச்சில் இரண்டு பாரம் எழுதியபோது, உன் அப்பா பெயர் எழுதும் இடத்தில் என் அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன்.

"பாரத்த நிரப்புனது யாருய்யா?"

"நாந்தானுங்க" என்றாய்.

"அப்பன் பேரையே தப்பா எழுதுவானா ஒருத்தன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய், எனக்காக. வேறொருவன் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்திருக்கிறாய் என்று அவர் நினைத்தாரோ என்னவோ, காகிதத்தை உன் பக்கம் தள்ளினார். நீ நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாய். கடைசியில் அவருக்கே மனசு இளகி, உண்மையில் பாரத்தை எழுதியவன் யாரோ அவன் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலே அனுப்பித் திருத்தி வாங்கலாம், நாளாகும் என்றார்.

வெளியே புளியமரத்தடியில் நின்றோம். நீ என் தோளில் கை போட்டாய். "உடு மாப்ள. உங்கப்பனுக்கு நான் ரெண்டாவது மவன். நெலத்துல எனக்கும் பங்கு குடுத்துடு" என்றாய். அப்புறம் கொஞ்சம் நடந்துவிட்டு, "எங்கப்பன் பேரு ஒரு காயிதத்துலயாவது இருக்கும்னு நெனச்சேன்" என்றாய். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"இந்த வாரமே எழுதிக் குடுத்துடறேன்" என்றேன்.

எழுதவில்லை.

ஏன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். முதலில் என் வேலை அமையட்டும் என்று தள்ளினேன். அந்தப் பதிவின் பேரில் எனக்கு மொரப்பூரில் ரயில்வே வேலை கிடைத்தது. சேர்ந்த மூன்றாம் மாதம், வயசைப் பொய்யாகக் கொடுத்துச் சேர்ந்தவன் என்று கூட வேலை பார்த்த ஒருவனை வெளியே அனுப்பினார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றதைப் பார்த்தேன். உன் பாரத்தை நான்தான் நிரப்பினேன் என்று எழுதினால், "என் கைப்பட நானே நிரப்பியது" என்ற வரி பொய்யாகும். தோண்டினால் ஐந்தாவது தேறியதும் பொய்யென்று வரும். இரண்டு பொய்யும் என் கையெழுத்தில். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். அடுத்த மாதம் எழுதலாம், பிரசவம் ஆகட்டும், வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அந்த வேலையில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய இரும்பை வெட்டிப் போட்டேன். வெல்டர் என்று பெயர், வெட்டுவதுதான் வேலை. ஒருமுறை உடைந்த பிராக்கெட் ஒன்றைப் பற்றவைக்கச் சொன்னார்கள். வைத்தேன். ஒரு வாரத்தில் அதே இடத்தில் விட்டுப்போனது. அதற்குப் பிறகு நல்ல வேலை எதையும் என்னிடம் தருவதில்லை. வேலையை விட்டு நீக்கவும் இல்லை. என்னிடம் சர்ட்டிபிகேட் இருந்தது.

நீ பழைய பஸ் ஷெட்டுக்கே திரும்பினாய். கரியில் ஓடுகிற பஸ்களுக்குக் கொதிகலன் மாதிரி ஒன்றை முதுகில் கட்டியிருந்தார்களே, அவை ஓட்டையாவதையெல்லாம் நீதான் அடைத்தாய். தர்மபுரியிலிருந்து அரூர், தீர்த்தமலை போகிற பஸ் எதிலும் உன் கை படாத பாகம் இல்லை என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஆனால் ஷெட்டில் உனக்குப் பெயர் "ஆளு". "அந்த ஆளக் கூப்புடு, அடைக்கச் சொல்லு." நீ எதற்குப் பயந்தாயோ அந்த மரியாதைதான் உனக்கு வந்தது.

குழந்தை பிறந்த பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொரப்பூருக்கு வந்துவிடுவாய். முதல் தடவை நீ வாசலில் செருப்பைக் கழற்றினாய். கடிதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ரயில் காட்டிவிட்டு வந்தாய். சாப்பிட்டாய், போனாய். அடுத்த மாதமும் அப்படியே. கேட்காமல் இருப்பதே என்னைக் கேட்பது போல இருந்தது. நீ பேசும்போதெல்லாம் அடுத்த வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும் என்று காத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு, தெருமுனையில் உன் தலை தெரிந்ததும் உள் அறைக்குப் போய்விட்டேன். நான் இல்லை என்று சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள். "வரட்டுங்க, இருக்கறேன்" என்று நீ சொன்னது கேட்டது. எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாய். ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் உன் காலுக்கு வந்தது, நீ நகர்ந்து உட்கார்ந்தாய். முழங்காலுக்கு வந்தது, மறுபடி நகர்ந்தாய். சாயங்கால பஸ் நேரம் நெருங்கியதும் எழுந்து வந்து, கொண்டுவந்த சீத்தாப்பழ மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, "வந்தா சொல்லுங்கம்மா" என்று போனாய். வியர்வையில் ஒட்டியிருந்த உன் முதுகுச் சட்டையைத்தான் நான் பார்த்தேன்.

கடைசியாக நீ வந்தது கோடையில். இரண்டு வருஷமாக மழை இல்லை. தர்மபுரியில் குடிதண்ணீருக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றாய். இளைத்திருந்தாய். "ஷெட்டுக்குப் புதுசா ஒருத்தன் வந்து வேல கேட்டுட்டுப் போறான் மாப்ள. கையில சர்ட்டிபிகேட்டு வச்சிருக்கான். மொதலாளி ஒரு மாதிரியாப் பேசறாரு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். பாரத்தை நிரப்பியது நான், தகப்பனார் பெயர் மாறியது என் தவறு, ஐந்தாவது என்று எழுதியதும் நான்தான், இதில் அவனுக்கு ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். அரைமணி நேரம் ஆகவில்லை. ஒன்றரை வருஷம் தள்ளிப்போட்ட வேலை அது. பதில் என் விலாசத்துக்கு வரட்டும் என்று போட்டுத் தபாலில் சேர்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை. காகிதம் கைக்கு வந்ததும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வரலாம் என்றிருந்தேன்.

இருபது நாள்கூட ஆகவில்லை. நீ போய்விட்டாய் என்று ஷெட்டில் டிக்கெட் எழுதுகிறவன் கார்டு போட்டிருந்தான்.

நடந்ததை ஷெட் மெக்கானிக் சொன்னார். லாரி ஒன்றின் பெட்ரோல் டேங்க் ஒழுகியது. நீ தண்ணீர் கேட்டிருக்கிறாய். ஷெட்டுக் கிணறு வற்றிக் கிடந்தது. "குடிக்கவே இல்ல, டேங்க்குல ஊத்த எங்க போறது? கழுவித்தான் வச்சிருக்குது, வெல்டு வையி" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். "தண்ணி ரொப்பாம வெக்கக்கூடாதுங்க, அது எமனுங்க" என்றாயாம். "உன்னால முடியாதுன்னா சொல்லிடு. சர்ட்டிபிகேட்டோட ஒருத்தன் வந்து நிக்கறான்" என்றாராம். நீ சற்று நேரம் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம். பிறகு பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் தூரமாகப் போய் நிற்கச் சொன்னாயாம். எல்லாரும் போகும்வரை காத்திருந்துதான் டார்ச்சைப் பற்றவைத்தாய் என்றார் மெக்கானிக். டேங்க் வெடித்ததில் வேறு யாருக்கும் ஒரு காயம் இல்லை.

சர்ட்டிபிகேட்டால் பிரயோஜனம் உண்டா என்று இப்போது வெல்டிங் கற்க வரும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் சர்ட்டிபிகேட் வாங்கியவன் அல்லவா, அதனால் கேட்கிறார்கள். அது கைக்கு வேலை கற்றுத் தராது. எனக்குத் தரவில்லை. உனக்குத் தெரிந்ததில் ஒரு துளியை அது கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் காகிதம் செல்லுபடியாக இருந்தவரை நீ சார்ஜண்டுக்கு முன்னால் டார்ச்சைக் கீழே வைத்தாய். அது செல்லாமல் போன பிறகு, ஒரு ஷெட் முதலாளிக்கு முன்னால் கீழே வைக்க முடியவில்லை. முடியாது என்று சொல்கிறவனை நிற்க வைக்க அது உதவும். இதை அவர்களுக்குச் சொல்லத் தெரியாமல், "வாங்கி வையுங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

போன வாரம் உறை வந்தது. உள்ளே புது சர்ட்டிபிகேட். உன் பெயர், அதன் கீழே உன் அப்பா பெயர். கூட ஒரு சின்னத் துண்டுக் காகிதம்: கோரியபடி திருத்தி அனுப்பப்படுகிறது. என் பொய்யைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எச்சரிக்கை இல்லை. நான் ஒன்றரை வருஷம் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. யாரும் என்னைத் தோண்டவில்லை. அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அடியாவது விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு அதியமான்கோட்டைக்குப் போனேன். உன் மனைவி ராசம்மா வீட்டில் இல்லை. ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயே போனேன். முகம், புருவம் எல்லாம் கல்தூசி. என்னைப் பார்த்ததும் சுத்தியை வைத்துவிட்டு எழுந்து, "வாங்கண்ணா, வூட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள். இங்கேயே பேசலாம் தங்கச்சி என்றேன். வீட்டுக்குள் வந்து உட்காரும் யோக்கியதை எனக்கில்லை என்று தோன்றியது.

காகிதத்தை விரித்துப் படித்தேன். உன் பெயரைப் படித்தேன். முனியப்பன் மகன் என்று படித்தேன். "அத இன்னொருக்காப் படிங்கண்ணா" என்றாள். படித்தேன். அவள் கையை இரண்டு தடவை புடவையில் துடைத்துவிட்டுத்தான் அதை வாங்கினாள்.

அப்போது சொல்லிவிட்டேன். பேர் மாறியது என்னால்தான், நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, பயந்துகொண்டு ஒன்றரை வருஷம் எழுதவில்லை, நேரத்தில் எழுதியிருந்தால் அவன் அந்த டேங்க்கைத் தொட்டிருக்க மாட்டான் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவள் ஜல்லியை எடுத்து என்மேல் எறிந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"தெரியுங்கண்ணா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அவரு சொல்லியிருக்காருங்க. நாந்தான் ஒருநாளு சண்ட போட்டேன். ஒரு காயிதம் எழுதித் தர முடியாதா உங்க சினேகிதனுக்கு, நானே போயிக் கேக்கறேன்னு கெளம்புனேன். போவக் கூடாதுன்னுட்டாரு. 'அவன் பயப்படறான் புள்ள. நீ போயிக் கேட்டா, வெக்கப்பட்டு எழுதிக் குடுத்துட்டு வேலையில்லாம நிப்பான். ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வரணுமா? எனக்குக் கை இருக்குது, நான் பொழச்சுக்குவேன். அவனுக்கு அந்தக் காயிதத்த உட்டா வேற ஒண்ணும் இல்ல'ன்னாரு."

சாலையில் ஒரு கட்டை வண்டி போயிற்று. அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். பிறகு நான் கேட்டேன்: "எழுத மாட்டேன்னு தெரிஞ்சும் எதுக்கும்மா மாசம் தவறாம வந்தான்? அதக் கேக்கத்தான் வர்றான்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

ராசம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"உங்களப் பாக்கத்தாங்கண்ணா வந்தாரு. வேற எதுக்கு?"

இது ஒன்றைத் தவிர எனக்கு இனி சுமக்க வேறொன்றும் இல்லை. நீ கேட்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை.